பீஸ் கட்டை மாடசாமியின் மடியில் இருந்தது

மரத்தைக் கண்டு உங்களுக்குப் பயமில்லை. கம்பியைக் கண்டும் பயமில்லை. இரண்டும் தனித்தனியாக நிற்கும்வரை அதில் தப்பும் இல்லை. கிளை கம்பி மேல் சாய்ந்துவிட்டால் மரம் முழுக்கக் கம்பிதான். நம் பிழைப்பு அந்த இடத்தில்தான் இருக்கிறது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லும்படி உங்கள் அதிகாரி கேட்டுக்கொண்டார். கயிறு கட்டுவதையும் ஏணி சாத்துவதையும் எந்தக் கிளையை முதலில் இறக்குவது என்பதையும் உங்களுக்குச் சொல்லித்தர ஆள் இருக்கிறது. நான் பெருமைப்படும் காரியங்களைச் சொல்ல ஆரம்பித்தால் கால் மணி நேரத்தில் கொட்டாவி விடுவீர்கள். அதனால் வெட்கப்படும் காரியம் ஒன்றைச் சொல்கிறேன். இதை நான் என் வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை.

இரண்டாம் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருடங்கள். தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு ஒரு சிறிய கம்பெனி மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும், இரண்டு பக்கமும் மருதும் புளியும் நாவலும் கைகோத்து நிற்கும். அதன் நடுவே கம்பி இழுத்தவனை என்ன சொல்வது? ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்தால் ஈரக்கிளை ஒவ்வொன்றாகக் கம்பியில் வந்து உட்காரும். விளக்குகள் மங்கும், குளிக்க வந்த பெரிய மனிதர்கள் கம்பெனிக்கு ஆள் அனுப்புவார்கள், கம்பெனி என்னைத் தேடும். மரம் வெட்டும் கூட்டத்துக்கு நான்தான் மேஸ்திரி. எனக்குக் கீழே நாலு பேர்.

அந்த நாலு பேரில் மரம் ஏறுகிறவன் மாடசாமி. இலஞ்சிக்காரன், முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். ஏறும்போது வாய் ஓயாது. கீழே நிற்கிறவனின் நடை, உடை, அவன் மாமனார் வீட்டு விருந்து என்று ஒன்றையும் விடமாட்டான். கீழே கயிறு பிடிக்கிறவன் பெரும்பாலும் இசக்கி. மாடசாமியின் மனைவியோடு கூடப்பிறந்தவன். மச்சான் முறை என்பதால் கேலியில் பாதி அவன் தலையில்தான் விழும்.

எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர் ஒரு பழைய லைன்மேன். பெயர் வேண்டாம், அவருக்கு அது பிடிக்காது. எழுதப் படிக்கத் தெரியாதவர், அதனால் எந்தச் சீட்டையும் நம்பமாட்டார். லைனை நிறுத்திவிட்டோம் என்று யார் சொன்னாலும், "சொல்லு எதுக்கு, கட்டைய கொண்டா" என்பார். கம்பத்தில் லைனுக்குக் கரண்டை விடுகிற பீஸ் கட்டையைப் பிடுங்கி, மரம் ஏறுகிறவன் மடியில் கட்டிவிட வேண்டும். அவன் இறங்கி வந்து தன் கையால் எடுத்துக் கொடுத்தால்தான் அது திரும்பக் கம்பத்துக்குப் போகும். இடையில் யாரும் அவசரப்பட்டு மாட்டிவிட முடியாது. இதைவிட நல்ல ஏற்பாட்டை அந்தக் காலத்தில் நான் பார்த்ததில்லை. எங்கள் கூட்டம் அதைச் சாமி காரியம் போலக் கடைப்பிடித்தது. கட்டை மடிக்கு வந்துவிட்டால் பிறகு கம்பி எங்களுக்குத் துணி காயப்போடுகிற கொடிதான். கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே கிளையை உருவுவோம்.

அருவிக்குப் போகிற ரோட்டில் ஒரு பெரிய பங்களா உண்டு. பழைய நிலக்காரக் குடும்பம். மகன் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாப் பக்கம் போயிருந்தான். பெரியவர் அந்த வருடம் முழுக்கக் குற்றாலத்திலேயே தங்கி, ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டுக்குக் கம்பி இழுத்தது நான்தான். இழுத்தபோது கொட்டிலில் ஓர் எஞ்சினும் டைனமோவும் பார்த்தேன். கம்பெனி வருவதற்கு முன் அவர்கள் சொந்தமாக விளக்கு எரிக்க வைத்திருந்தவை. அவற்றின் கம்பிகள் இன்னும், எங்கள் லைன் வந்து சேர்கிற வீட்டு ஸ்விட்ச் பலகையில் மாட்டியபடியே இருந்தன. கழற்றிவிடவா என்று காரியஸ்தரிடம் கேட்டேன்.

"அது ஓடி ரெண்டு வருஷம் ஆச்சு மேஸ்திரி. பழுதாக் கெடக்கு. எஜமானக் கேக்காம நான் எதையும் கழத்தச் சொல்ல முடியாது" என்றார்.

மண்ணெண்ணெயையே அளந்து கொடுக்கிற காலம். எஞ்சினுக்கு ஊற்ற எவனிடம் எண்ணெய் இருக்கப்போகிறது என்று நானும் விட்டுவிட்டேன். என் முதல் தப்பு அது.

மறு வருடம் சாரலில், அந்தப் பங்களாவுக்குப் பிரிந்து போகிற கிளை லைனில் ஒரு மருத மரம் சாய்ந்து கம்பியை அழுத்த ஆரம்பித்தது. காலையில் போய்க் காரியஸ்தரிடம் சொன்னேன், பதினோரு மணியிலிருந்து இரண்டு மணி நேரம் கரண்டு இருக்காது என்று.

"மத்தியானச் செய்தி கேக்காம எஜமான் சாப்பிட மாட்டாவளே."

"ஒரு நாள் பசியோட இருக்கட்டும். சாயந்திரச் செய்திய ரெண்டு காதாலயும் கேக்கச் சொல்லும்" என்றேன்.

காரியஸ்தர் சிரித்தார். "சரி, நாங்க பாத்துக்கிடுதோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். என்னத்தைப் பார்த்துக்கொள்வீர்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். அந்த ஒரு கேள்விக்கு அரை நிமிடம்கூட ஆகாது. டைனமோ ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. எண்ணெய் இல்லாத காலம் என்ற பழைய பதிலும் கூடவே வந்தது. மழை வலுப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று நடையைக் கட்டினேன்.

கம்பத்தில் நானே ஏறிப் பீஸ் கட்டையைப் பிடுங்கினேன். மாடசாமியின் மடியில் வைத்து நானே முடிந்துவிட்டேன். அவன் இடுப்புக் கயிற்றை மரத்தின் கவட்டையில் சுற்றிக்கொண்டு, பதினைந்தடி உயரத்தில் வேலையைத் தொடங்கினான். முதல் இரண்டு கிளைகள் நல்லபடியாக இறங்கின. அப்போதும் அவன் கம்பியைத் தொட்டான், ஒன்றும் இல்லை. பெரிய அருவியில் தண்ணீர் அதிகம், அதன் இரைச்சல் ரோடு வரை கேட்டது. சாரல் நிற்காமல் தூறிக்கொண்டிருந்தது. மாடசாமி மேலேயிருந்து மச்சானைக் கேலி செய்துகொண்டிருந்தான்.

"ஏலே இசக்கி, கயித்த இழுத்துப் பிடி. ஒங்க வீட்டுல பந்தி வைக்கும்போது இலைய மட்டும் எப்படிப் பிடிப்ப? அந்தப் பிடி..."

அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

இசக்கி கொஞ்ச நேரம் காத்திருந்து, "என்னவே, பாதியில நிறுத்திட்டீரு" என்று அண்ணாந்து பார்த்தான். மாடசாமி இடது கையால் கம்பியைத் தூக்கிப் பிடித்திருந்தான். வலது கை கவட்டையை அணைத்திருந்தது. பல்லைக் கடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் இமைக்கவில்லை. அரிவாள் அவன் கையிலிருந்து எப்போதோ விழுந்து சேற்றில் கிடந்தது.

"வெளாடாதேயும் அத்தான்" என்றான் இசக்கி.

அவனுடைய மணிக்கட்டை நான் பார்த்தேன். நரம்பெல்லாம் புடைத்து நடுங்கிக்கொண்டிருந்தது. என் மூளை ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் சொன்னது: கட்டை அவன் மடியில்தான் இருக்கிறது, அதனால் இது கரண்டு இல்லை. வலிப்பா, பாம்பா, மரத்தில் ஏதாவது கடித்துவிட்டதா என்றுகூட யோசித்தேன். கண்ணெதிரே ஒருவன் கம்பியில் ஒட்டிக்கொண்டிருக்கிறான், நான் என் ஏற்பாட்டுக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டு நின்றேன். எத்தனை நொடி என்று தெரியாது. அது எத்தனையாக இருந்தாலும் அவ்வளவும் மாடசாமியின் உயிரிலிருந்து போனது.

இசக்கி ஏணியில் தாவி ஏறியபோதுதான் எனக்கு அறிவு வந்தது. அவன் இடுப்பைப் பிடித்துக் கீழே இழுத்தேன். இரண்டு பேரும் சேற்றில் விழுந்தோம்.

"விடும்வே. அத்தான் சாகுதாரு அங்கன. விடும்."

"தொட்டா நீயும் சாவ. ரெண்டு பேரையும் நான் எறக்க முடியாது."

அவன் என் கையைக் கடித்தான். நான் ஓங்கிக் கன்னத்தில் ஒன்று வைத்தேன். மற்ற இரண்டு பேரில் ஒருவனிடம், இவனை விட்டால் உன்னைத் தொலைத்துவிடுவேன் என்று சொல்லி இசக்கியை அமுக்கிப் பிடிக்கச் சொன்னேன். அவன் திமிறல் நின்ற அந்த ஒரு கணத்தில் அருவிச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. டப், டப், டப். பங்களாப் பக்கம் இருந்து வந்தது.

நான் கரண்டை நிறுத்தினேன். நிறுத்தியதால் அவர்கள் எஞ்சினை ஓட்டினார்கள். அது பங்களாவுக்குள் மட்டும் போகாமல், நான் கழற்றாமல் விட்ட கம்பி வழியாகப் பின்னோக்கி வந்து மாடசாமியைப் பிடித்தது. நான் பிடுங்கிய பீஸ் கட்டை கம்பெனிப் பக்கத்தைத்தான் அறுத்தது, பங்களாப் பக்கத்தை இல்லை.

இப்போது என்ன செய்வது? பங்களா அங்கிருந்து இருநூறு முந்நூறு கஜம். வாசலில் பூட்டு, நாய், காவல்காரன். ஓடிப் போய் நிறுத்துவதுதான் சரியான வழி, ஆனால் அதற்குள் மாடசாமி இருக்கமாட்டான். கம்பியிலிருந்து அவன் கையைத் தட்டிவிட வேண்டும். எதைக் கொண்டு தட்டுவது? ஏணி நனைந்திருந்தது. எங்கள் கழிகள் நனைந்திருந்தன. கயிற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். ஆனி மாதக் குற்றாலத்தில் காய்ந்த பொருள் ஒன்று வேண்டும், உடனே வேண்டும்.

இன்னொருவனைப் பங்களாவுக்கு விரட்டிவிட்டு, ரோட்டுக்கு எதிரே இருந்த காப்பிக் கடைக்குள் ஓடினேன். குளிக்க வந்தவர்களின் ஈரத் துண்டுகளைக் கடைக்காரர் அடுப்புக்கு மேலே மூங்கிலில் காயப்போடுவார். அதற்காகவே அவர் கடையில் கூட்டம் உண்டு. அந்த மூங்கில் வருடக்கணக்காகப் புகையில் தொங்கிக் கறுத்துப் போயிருந்தது. எட்டிப் பிடித்து உருவினேன். மேலே கிடந்த துண்டுகளில் காய்ந்தவற்றை அதன் மேல் சுற்றிக்கொண்டு, சாரல் படாமல் நெஞ்சோடு அணைத்தபடி ஓடினேன். "ஏ, யாரு துண்டுவே அது" என்று ஒருவர் பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தார். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

ஏணியில் ஆறாவது படி. மூங்கிலின் நுனியை அவன் முழங்கைக்குக் கீழே கொடுத்து மேல்நோக்கித் தட்டினேன். கை வரவில்லை. மூங்கில் நனைய ஆரம்பித்திருந்தது. இன்னும் ஒரு தடவைதான் தட்டலாம், அதற்குப் பிறகு நானும் அவனும் ஒன்று என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அப்போது என் பெண்டாட்டி பிள்ளை ஞாபகம் வந்ததாகச் சொன்னால் பொய். அந்த மணிக்கட்டைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை. எலும்பு உடைந்தாலும் உடையட்டும் என்று பலம் முழுவதையும் வைத்து அடித்தேன்.

கை கழன்றது. மாடசாமி இடுப்புக் கயிற்றில் தலைகீழாகத் தொங்கினான்.

எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பிடி விட்டதும் ஓடி வந்த இசக்கியிடம், கம்பிக்குக் கீழேயே நின்று கயிற்றை அறு, நான் தாங்கிக்கொள்கிறேன், தலையைத் தூக்காதே என்றேன். அவன் அழுதுகொண்டே நான் சொன்னபடியே செய்தான். இறக்கிக் கிடத்தியபோது மூச்சு இல்லை. கம்பெனியில் காட்டிக் கொடுத்திருந்தபடி குப்புறப் போட்டு, முதுகில் கை வைத்து அழுத்தினேன், விட்டேன். அழுத்தினேன், விட்டேன். துண்டுக்காரர் அதற்குள் விஷயம் புரிந்து தன் காரைத் திருப்பி நிறுத்தியிருந்தார். எஞ்சின் சத்தம் நின்று கொஞ்ச நேரம் கழித்து மாடசாமி வாந்தி எடுத்தான். அந்த வாந்தியைப் போல ஒரு நல்ல காட்சியை நான் அதற்கப்புறம் பார்த்ததில்லை.

உயிர் தங்கியது. பழைய டைனமோ, முழு வலுவோடு ஓடவில்லை, அதனால்தான் தப்பித்தான் என்று என்ஜினீயர் சொன்னார். இடது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மூன்றாவது மடங்கவில்லை. இனி மரம் ஏற முடியாது.

கம்பெனியில் எல்லோரும் என்னைத் தட்டிக்கொடுத்தார்கள். கட்டை அவன் மடியில் இருந்ததை ஆஸ்பத்திரியில் வேட்டியை அவிழ்த்தவர்களே பார்த்திருக்கிறார்கள். விதிப்படி நடந்திருக்கிறது, பங்களாக்காரர்கள் சொல்லாமல் எஞ்சினை ஓட்டியதுதான் தப்பு என்று எழுதி முடித்தார்கள். பெரியவர் மகனைப் பற்றிய செய்திக்காக மாதக்கணக்கில் எண்ணெய் சேர்த்து வைத்து, எஞ்சினைப் பழுதும் பார்த்து வைத்திருந்தாராம். அவரைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பத்து நாள் அப்படியே ஓடியது.

பதினோராம் நாள் தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாடசாமி கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தான். பக்கத்தில் இசக்கி.

"அங்கன டைனமோ இருக்குன்னு எனக்குத் தெரியும் மாடசாமி. போன வருஷமே பாத்தேன்" என்றேன்.

இசக்கி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

"பொறவு ஏன் அண்ணாச்சி என்ட்ட சொல்லல?"

"பழுதுன்னு சொன்னாவ. நம்பிட்டேன்."

"நான் ஒம்ம நம்புனேன்" என்றான் மாடசாமி. கோபமாகச் சொல்லவில்லை. இன்றைக்கு என்ன கிழமை என்று சொல்கிற மாதிரி சொன்னான். பிறகு, "இனி இவனத்தானே ஏத்துவீரு?" என்று மச்சானைக் காட்டினான்.

"அவனுக்கு இஷ்டமிருந்தா."

"வேற பொழப்பு என்ன இருக்கு, ஏறத்தான் செய்வான். ஒண்ணு மட்டும் செய்யும். இவன் ஏறுததுக்கு முந்தி நீரு ஏறும். ஒம்ம கையால கம்பியத் தொட்டுட்டு எறங்கும். பொறவு இவன் ஏறட்டும்."

சரி என்றேன்.

தம்பிகளே, இப்போது உங்களுக்குச் சங்கிலி இருக்கிறது. இரண்டு பக்கமும் கம்பிகளைச் சேர்த்துக் கட்டித் தரையில் இறக்கிவிட்ட பிறகுதான் மரத்தில் கால் வைக்கிறீர்கள். எந்தப் பக்கமிருந்து எது வந்தாலும் மண்ணுக்குப் போய்விடும். அதைச் சோம்பேறித்தனத்தால் விடுகிறவனை நான் மனிதனாகவே மதிக்கமாட்டேன். எங்களிடம் அது அப்போது இல்லை. மாடசாமி கேட்டதுதான் இருந்தது. வெறுங்கையால் கம்பியைத் தொட்டுப் பார்க்கிற வேலையை நீங்கள் யாரும் செய்யக் கூடாது. அது என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

அடுத்த மாதம் மேலகரத்தில் ஒரு புளிய மரம். இரண்டு பக்கமும் பீஸ் கட்டைகளைப் பிடுங்கியாயிற்று. லைனில் இருந்த வீடுகள் ஒவ்வொன்றுக்கும் நானே போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு வந்தேன். எல்லாம் சரி என்று இசக்கியிடம் சொன்னேன். அவன் ஏணியைச் சாத்திவிட்டு விலகி நின்றான். அவன் கன்னத்தில் நான் அடித்த அடிக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு குறைவு.

எனக்கு அப்போதே தொப்பை உண்டு. மூச்சு வாங்க ஏறினேன். கையை நீட்டினேன். கம்பிக்கும் விரலுக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும். கை அதற்கு மேல் போகவில்லை. பயம்தான், ஒளிப்பானேன். பார்த்த வீடுகளையெல்லாம் மனதுக்குள் திரும்பவும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அப்போதுதான் ஊருக்கு வெளியே, போன வாரம் புதிதாகப் போட்டிருந்த டூரிங் சினிமாக் கொட்டகை ஞாபகம் வந்தது. படம் காட்ட அவர்களிடம் சொந்த டைனமோ உண்டு.

கையை இழுத்துக்கொண்டு இறங்கினேன்.

"எங்க போறீரு?" என்றான் இசக்கி.

"கொட்டகைக்கு. பாத்துட்டு வாரேன்."

அவன் தலையை ஆட்டினான். ஏணியை மரத்திலிருந்து எடுத்துத் தரையில் படுக்கப் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான். கொட்டகை அரை மைல். போய்ப் பார்த்தால் அவர்கள் கம்பி தனியாகத்தான் இருந்தது, நம் லைனோடு சேரவே இல்லை. ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனாலும் திரும்பி வரும்போது வழியில் ஒரு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். என் கை நீளும்போது ஒரு வாரமே ஆன கொட்டகை ஞாபகம் வந்தது, இறங்கி அரை மைல் நடக்கவும் முடிந்தது. மாடசாமியின் கை நீண்ட அன்று, டைனமோ ஞாபகம் வந்த பிறகும் நான் முந்நூறு கஜம் திரும்பி நடக்கவில்லை.